தூசிப்படையை வென்ற மாசிலாமணி

ஒரு காட்டில் ஒரே ஒரு மூக்குதான் இருந்தது. காட்டுக்கு எதற்கு மூக்கு என்று நீங்கள் உங்கள் மூக்கைத் தடவிப் பார்க்க வேண்டாம். அந்தக் காட்டைச் சுற்றிலும் செங்குத்தான பாறை. காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் பாறையில் ஒரே ஒரு இடுக்கு. இரண்டு பன்றிகள் தோள் உரசாமல் நடந்து போகலாம், அவ்வளவுதான் அகலம். அதைத்தான் மிருகங்கள் மூக்கு என்று சொல்லிவந்தன. விடிந்ததும் அதன் வழியே காற்று வரும், புதர் அசையும், குட்டிகள் கண் விழிக்கும். யாரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. வந்துகொண்டிருக்கும்வரை மூச்சைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

அந்தக் காட்டில் மாசிலாமணி என்று ஒரு முள்ளம்பன்றி வேலையில்லாமல் இருந்தார். முள்ளம்பன்றிக்கு என்ன 'இருந்தார்' என்று கேட்காதீர்கள். வேலைதான் போய்விட்டது, மரியாதையையாவது விட்டுவைப்போம்.

வேலை போனதற்கு அவர் பொறுப்பில்லை. அவர் பரம்பரைக்கு ஒரே தொழில், அட்டை குத்துவது. ஒரு காலத்தில் காட்டுச் சதுப்பில் கொழுத்த அட்டைகள் இருந்தன. தண்ணீர் குடிக்கப் போகிற மான், மந்தி எல்லாவற்றின் மேலும் ஏறி இரத்தம் குடித்தன. அப்போது முள்ளம்பன்றிகள் கூட்டமாகப் போய் முதுகைத் திருப்பி நின்று குத்தித் தள்ளும். காடே அவர்களைக் கும்பிட்டது. பிறகு சுத்தமான காடு, சுகமான காடு என்று ஓர் இயக்கம் வந்தது. சதுப்பை வடித்தார்கள், அட்டை ஒழிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அட்டை குத்தியவர்கள் இனி எதைக் குத்துவார்கள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதுகு நிறைய ஆயுதம் இருந்து எதிரே ஆள் இல்லாமல் போனால் அதைவிடக் கொடுமை வேறில்லை. மாசிலாமணி காலையில் எழுந்ததும் முட்களைப் பாறையில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக்கொள்வார். அப்புறம் செய்ய ஒன்றும் இருக்காது. அவர் மனைவி கோமளம் காரியக்காரி. நெல்லிக்காய்களைக் கொண்டுவந்து அவர் முள் ஒவ்வொன்றிலும் ஒன்றாகக் குத்திவைப்பாள்.

"சும்மாதானே இருக்கீங்க, அந்தப் பாறை மேல போய் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருங்க. வத்தலும் காஞ்ச மாதிரி ஆச்சு, தளிரைப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு."

தளிர் அவர்களுடைய ஒரே மகள். முள் இன்னும் இறுகாத வயது. அப்பாவின் முதுகு நிழலில் உட்கார்ந்து, அவர் சொல்லும் அட்டைக் கதையைக் கேட்பாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அட்டை கொஞ்சம் பெரிதாகும்.

"அப்பா, நேத்து அட்டை உங்க அளவுதான் இருந்துச்சு. இன்னிக்கு எருமை அளவு இருக்கே?"

"அது வேற அட்டைடா கண்ணு."

இப்படி அவர் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அந்தச் செய்தி வந்தது.

மூக்கின் வாசலில் காவலுக்கு இருந்தவள் அஞ்சலை என்ற ஆள்காட்டிக் குருவி. பெயர்தான் அஞ்சலை, அவள் அஞ்சாத நாளே கிடையாது. இலை விழுந்தால் கத்துவாள். இலை விழாவிட்டால், ஏன் விழவில்லை என்று கத்துவாள். கத்தலுக்கெல்லாம் ஓடி ஓடிக் கால் தேய்ந்த மிருகங்கள் கடைசியில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. அஞ்சலை என்ன கத்தினாலும் வித்துவான் கரியமாணிக்கம் அதற்குப் பொருள் சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம்தான் ஓட வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். வித்துவான் கரடியாக இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் நின்றால் கரடி, உட்கார்ந்தால் கரடி, வாயைத் திறந்தாலும் விடுவது அதேதான்.

அந்த ஆண்டு வெளியே எங்கோ மரங்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. காற்று அந்தப் பூந்தூளைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு மூக்குக்குள் நுழைந்தது.

"தூசி வருது! தூசி வருது!" என்று அஞ்சலை கத்தினாள்.

பாவம், அவள் வாழ்நாளில் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். வந்தது தூசிதான். ஒரு தும்மல் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும், நானும் நீங்களும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எல்லோரும் வித்துவானிடம் போனார்கள். மாசிலாமணியும் வத்தலோடு போனார்.

வித்துவான் கண்ணை மூடிக்கொண்டார். "தூசி என்றால் யாது?"

"குப்பைங்க ஐயா. கண்ணுல விழுமே, அது" என்றார் மாசிலாமணி.

"அது பாமரர் கொள்ளும் பொருள். பண்டைத் தமிழில் தூசி என்றால் படையின் முன்னணி. போருக்குப் புறப்படும் வேந்தன் முதலில் அனுப்புவது தூசிப்படை. முன்னே தூசி வந்தால் பின்னே வருவது என்ன? குதிரை! தேர்! யானை!"

மாசிலாமணியின் முதுகில் என்னவோ ஓடியது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவருடைய முட்கள் ஒட்டுமொத்தமாக எழுந்து நின்றன. நெல்லிக்காய்கள் நாலாபுறமும் சிதறின. ஒன்று வித்துவானின் நெற்றியில் போய் அடித்தது. அவர் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

வித்துவான் சொன்ன பொருள் அகராதியில் உண்மையாகவே இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் புளுகியிருந்தால் பிடித்து உலுக்கிவிடலாம். இடம் தெரியாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் உண்மையை என்ன செய்வது?

உடனே ஈர இலையில் ஒரு தூசியைப் பிடித்துவந்து வித்துவான் முன்னால் வைத்தார்கள். அவர் குனிந்து பார்த்து அடையாளம் சொன்னார். "நிறம் மஞ்சள். வடிவம் உருண்டை. உடம்பெல்லாம் முள்."

"உடம்பெல்லாம் முள்ளா?" மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஐயா, நம்ம தூரத்துச் சொந்தமா இருக்கப் போகுது. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

வித்துவான் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். அஞ்சலை அந்த அடையாளத்தை அன்று முழுவதும் மனப்பாடம் செய்தாள். மஞ்சள், உருண்டை, முள். மஞ்சள், உருண்டை, முள். அதற்குப் பிறகு அவளைத் தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொன்னாள்.

அடுத்தது ஆள் சேர்ப்பு. காட்டில் எல்லோரிடமும் கைபேசி இருந்தது, குழுவும் இருந்தது. ஆனால் அவசரச் செய்தி போட்டால் அது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். பாதிப் பேர் குழுவை மியூட்டில் வைத்திருந்தார்கள். அதனால் பரிமளத்தைக் கூப்பிட்டார்கள். பரிமளம் புனுகுப்பூனை. அவள் ஒரு மரத்தில் உடம்பைத் தேய்த்தால் அந்த வாசனை காற்றில்லாத இடத்துக்கும் போகும். மூக்கின் வாசலில் அதிகமாகத் தேய்த்தாள், தள்ளித் தள்ளிப் போகப் போகக் குறைத்துத் தேய்த்தாள். வாசனை எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும், வழி கேட்க வேண்டாம். எல்லாவற்றையும் மியூட் பண்ணலாம், வாசனையை எப்படிப் பண்ணுவது?

மாசிலாமணி வளையில் படுத்திருந்தபோது அந்த வாசனை வந்தது. லேசாகத்தான் வந்தது. எழுந்து வெளியே வந்தார், கொஞ்சம் கூடியது. அடுத்த மரத்துக்குப் போனார், இன்னும் கூடியது. யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. அட்டை போன நாளிலிருந்து அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. சொன்னால் வெட்கம், அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எங்கே கிளம்பிட்டீங்க? இன்னும் பாதி நெல்லிக்கா பாக்கி இருக்கு" என்றாள் கோமளம்.

"நெல்லிக்காயா? நாட்டைக் காக்கப் போறேன்டி."

"காத்துட்டுச் சாப்பாட்டுக்கு வந்துருங்க."

அவர் மூக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு சந்தைக் கூட்டம். பன்றிகள், கீரிகள், மற்ற முள்ளம்பன்றிகள் எல்லாம் வந்திருந்தன. பரிமளம் ஒவ்வொருவரையும் நிறுத்தினாள். "அண்ணே, வந்த வேகத்துல அந்த மரத்துல முதுகை ஒரு தேய் தேய்ச்சுட்டுப் போங்க. வாசனை இன்னும் நாலு பேருக்குப் போவும்." வந்தவர்கள் தேய்த்தார்கள். வாசனை போனது, இன்னும் பலர் வந்தார்கள். அவர்களும் தேய்த்தார்கள். கூட்டம் இப்படித்தான் கூடும், ஏன் கூடியது என்று கேட்டால் கூட்டத்துக்கே தெரியாது.

இத்தனை கால்கள் மிதித்தால் தரை சும்மா இருக்குமா? புழுதி கிளம்பியது. அஞ்சலை மேலிருந்து பார்த்தாள்.

"தூசி கூடுது! தூசி கூடுது!"

"நான் சொல்லவில்லை?" என்றார் வித்துவான். "எதிரி நெருங்கிவிட்டான். இன்னும் ஆட்களை அழையுங்கள்!"

மூக்கின் சுவரில் குடியிருந்த நத்தைகள் இந்தக் களேபரத்தில் பயந்துபோய் வழவழவென்று கோழையைக் கொட்டின. மூக்கின் உட்சுவரைச் சுற்றி வளையமாகப் படுத்திருக்கும் கிழட்டு மலைப்பாம்பு ஒன்று உண்டு. அதற்குப் பயம் வந்தால் தெரிந்த ஒரே வேலை, இறுக்குவது. அது இறுக்கியது. இடுக்கு பாதியாகியது. அந்தப் பாதிக்குள்ளும் ஆட்கள் வந்து நின்றார்கள். மிச்சமிருந்த சந்து வழியே காற்று நுழைந்தபோது, மெல்லிய விசில் போல 'ஈ…ஈ…' என்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீர்களா? எதிரியின் ஊதுகொம்பு!" என்றார் வித்துவான்.

அவ்வளவுதான். பின்னால் நின்ற பன்றி ஒன்று மாசிலாமணியின் காலை மிதித்தது. இத்தனை காலம் அடக்கிவைத்த முள்ளில் பாதி ஒரே வீச்சில் பறந்தது. எல்லாம் மூக்கின் சுவரில் போய்ச் செருகியது. கல் பெயர்ந்து விழுந்தது. இரண்டு முள் பாம்பின் மேலும் பாய, அது இன்னும் இறுக்கியது. "சபாஷ்!" என்றது கூட்டம். மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினார். யாரைக் குத்தினார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் குத்தியாகிவிட்டது, அந்தச் சுகமே தனி.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கோமளத்தின் குரல் கேட்டது.

"என்னங்க! தளிருக்கு மூச்சு வாங்குதுங்க! சீக்கிரம் வாங்க!"

மாசிலாமணிக்கு நாடும் காவலும் ஒரே நொடியில் மறந்துபோயின. அடித்துப் பிடித்துக் கூட்டத்தை விட்டு வெளியே வந்தார். அவர் விலகிய இடத்தில் ஒரு முள்ளம்பன்றி அளவுக்கு ஒரு சந்து விழுந்தது. அந்தச் சந்து வழியே குளுகுளுவென்று ஒரு காற்று வந்து அவர் காது மடலைத் தொட்டது. திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற பன்றி முன்னேறி அந்த இடத்தில் நின்றது. காற்று நின்றது.

அவருக்கு அது அப்போது புரியவில்லை. வளைக்குள் போய்த் தளிரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. குழந்தை படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின, விலா ஒட்டி உள்ளே போனது. பேசும்போது வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"அப்பா… காத்து… வரலை…"

அவளுடைய தொண்டையிலிருந்தும் அதே சத்தம் வந்தது. ஈ… ஈ… எதிரியின் ஊதுகொம்பு.

மாசிலாமணி ஓடினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. கூட்டத்தின் முதுகில் நின்று கத்தினார். "நகருங்க! எல்லாரும் நகருங்க! வந்தது வெறும் தூசிங்க! வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறது நாமதான்! நான் நகர்ந்தப்ப காத்து வந்துச்சு, என் காதுல பட்டுச்சு!"

யாரும் நகரவில்லை. நகர நினைத்தவர்களும் நகர முடியவில்லை, பின்னால் புதிதாக வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாசிலாமணி!" வித்துவான் குரல் இடி போல வந்தது. "போர் நடக்கும்போது வியூகத்தை விட்டு ஓடியது நீர்தானே? ஓடியவருக்கு என்ன தண்டனை தெரியுமா? முள்ளைப் பிடுங்கிப் பாறைக்கு வெளியே விடுவது."

"பிடுங்குங்க ஐயா, நல்லாப் பிடுங்குங்க! முதல்ல குழந்தைக்குக் காத்து விடுங்க!"

அந்த நேரம் பார்த்துப் பாறைக்கு வெளியே தனியாக ஒரு யானை போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து ஓடையில் குளிக்கப் போகிறவள். பாறை விசிலடிக்கிறதே என்று நின்றாள். "யாரோ மூச்சு விடத் திணறுற மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டு, ஓடையில் தும்பிக்கை நிறையத் தண்ணீரை எடுத்துவந்து, தும்பிக்கையை இடுக்கில் வைத்து 'புஸ்ஸ்' என்று ஓர் ஊது ஊதினாள். கொஞ்சம் பொறுத்து இன்னோர் ஊது.

சாரல் உள்ளே பரவியது. புழுதி அடங்கியது, பரிமளத்தின் வாசனை கழுவிப் போனது. வாசனை போனதும் பின்னால் நின்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். "நாம எதுக்கு வந்தோம்?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பாம்பு சிலிர்த்துக்கொண்டு பிடியைத் தளர்த்தியது. காற்று பெருக்கெடுத்து உள்ளே வந்தது. தூரத்தில் வளையிலிருந்து கோமளம் கத்தினாள். "வந்துருச்சுங்க! தளிருக்கு மூச்சு வந்துருச்சு!"

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். இத்தோடு நிறுத்தினால் இது நல்ல கதை. ஆனால் வித்துவான் இன்னும் அங்கேதான் நிற்கிறார், அவர் கண் அந்தத் தும்பிக்கையின் மேல் இருக்கிறது.

"யானை!" என்று அலறினார் வித்துவான். "தூசிக்குப் பின்னால் யானை வரும் என்று சொன்னேனே! வந்துவிட்டது!"

முட்கள் பறந்தன. மாசிலாமணியின் முதுகில் மிச்சமிருந்த முட்களும் பறந்தன. அவர் எய்ய வேண்டும் என்று நினைக்கவே இல்லை. 'யானை' என்ற வார்த்தை காதில் விழுந்தது, முதுகு தானாக வேலை பார்த்துவிட்டது. தும்பிக்கை நிறைய முள்ளோடு யானை பின்வாங்கினாள்.

"ஊதி விட்டதுக்கு இதுதானா கூலி? இனி நீங்க மூச்சு முட்டிக் கிடந்தாலும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன், போங்க!"

"எதிரி புறங்காட்டி ஓடுகிறான்!" என்றார் வித்துவான்.

வெற்றி விழா அன்றே நடந்தது. வித்துவான் மாசிலாமணியைத் தனியாக அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஓய், இந்தப் போரைப் பரணியாகப் பாடப் போகிறேன். அதில் உம்மை எங்கே வைப்பது? படையைக் கண்டு ஓடியவராகவா, படையை முதலில் கண்டு எச்சரித்தவராகவா? நீரே சொல்லும். வந்தது என்ன?"

மாசிலாமணி கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் கோமளம் நின்றாள், அவள் மடியில் தளிர். குழந்தை நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். எருமை அளவு அட்டையைக் குத்திய அப்பா. அவர் வாய் வரைக்கும் 'தூசி' வந்தது.

"படைதாங்க ஐயா" என்றார். "பெரும்படை."

அவருக்கு மூக்குக் காவலர் என்று பட்டம் கொடுத்தார்கள். புது முள் முளைத்ததும், நெல்லிக்காய் காயவைக்க வேறு முள்ளைப் பார்த்துக்கொள் என்று அவர் கோமளத்திடம் சொல்லிவிட்டார். அவள் நெல்லிக்காய்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். அவளும் அன்று அந்தக் கூட்டத்தின் பின்னால் நின்றவள்தான், அவள் காதிலும் அந்தக் காற்று பட்டிருந்தது.

அடுத்த ஆண்டும் வெளியே பூ பூத்தது. இந்த முறை ஒரே ஒரு தூசி உள்ளே வந்தது. மஞ்சள், உருண்டை, முள். அஞ்சலை கத்திய கத்தலில் வித்துவான் பொருள் சொல்லவே தேவைப்படவில்லை. பரிமளம் தேய்க்க ஆரம்பிப்பதற்குள் பாதிக் காடு கிளம்பிவிட்டது. பாம்பு தூக்கத்திலேயே இறுக்கியது.

மாசிலாமணியின் முட்கள் எழுந்து நின்றன. அவர் புறப்பட்டார். கோமளம் வளை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஒருத்தர் போகாம இருங்க. ஒரு ஆள் அளவுக்காவது காத்து வரும்."

"நான் போகலைன்னா அந்த இடத்துக்கு வேற ஒருத்தன் வருவான் கோமளம். வர்றவன் என்னை மாதிரி பாத்துப் பதனமா நிப்பானா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து தளிரின் குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"அப்பா… எதிரி… வந்துட்டானா?"

"வந்துட்டான் கண்ணு. நீ பயப்படாத. அப்பா இருக்கேன்ல."

சொல்லிவிட்டு, வாசனை கூடுகிற பக்கமாக ஓடிப் போய், மூக்கின் நட்டநடுவில், முள்ளையெல்லாம் விரித்துக்கொண்டு நின்றார்.

நீதி: மூச்சு விட முடியவில்லையா? அஞ்சாதே, நீ அவ்வளவு பலத்த காவலில் இருக்கிறாய்.